கோடுகள் வளைகின்றனவா

மூன்று துண்டு வலைத்துணியை
சாப்பாட்டு மேசையில் பரப்பிவிட்டு
அளவு நாடாவோடு நீச்சல் குளத்துப் பக்கம் போனான் யாதியேல்.
அவனுக்கு ஊற்றிய காப்பி ஆறிக்கொண்டிருந்தது.

முதல் துண்டு சாதாரண ரகம். கொசு நுழையாது.
ஆனால் அந்தியில் கால்வாயிலிருந்து கிளம்புமே,
கண்ணுக்கே தெரியாத கடிபூச்சி,
அது கதவு திறந்துவிட்ட மாதிரி வரும்.
இரண்டாவது நெருக்கமான இழை. பூச்சியை நிறுத்தும்,
கூடவே காற்றில் பாதியையும்.
மூன்றாவது தடித்தது, பூனை நகத்துக்கு அஞ்சாதது.
எங்கள் பூனைக்குப் பதினாறு வயது.
அவள் நகத்துக்கு யாரும் அஞ்சி நாளாயிற்று.

ஒவ்வொன்றையும் முகத்தில் வைத்து மூச்சு விட்டுப் பார்த்தேன்.
சாவியால் குத்தினேன்.
துருப்பிடிக்காத திருகாணிக்கு விலைப்பட்டியலில் தனி வரி;
அதைச் சுற்றி வட்டம் போட்டேன்.
அடுத்த வீட்டு ஓர்வில் திருகாணியில் மிச்சம் பிடித்தவர்.
அவர் கூண்டு இப்போது கால்வாயின் அக்கரையில்.

சட்டம் வெள்ளையா, கருப்பா?
குடியிருப்புச் சங்கம் இரண்டையும் ஒப்புக்கொள்ளும்.
"கருப்பு எடுங்க மேடம்," என்றிருந்தான் யாதியேல்,
"நாலே நாள்ல கண்ணுலேர்ந்து கரைஞ்சிடும்.
கம்பி இருக்கிறதே மறந்துபோயி
தண்ணியும் வானமும்தான் தெரியும்."
கேப் கோரலில் பாதிப் பேர் அதைத்தான் எடுத்திருக்கிறார்கள்.
எனக்கும் அதில்தான் மனம் இருந்தது.

வெண்டெல் ஒரு துண்டைக் கையில் எடுத்தார்.
இடது கண்ணைப் பொத்திக்கொண்டார்.

அந்த நிற்பு எனக்குத் தெரியும்.
குளிர்பெட்டிக் கதவில் ஒட்டியிருக்கிறது
கண் மருத்துவர் தந்த கட்டம் போட்ட தாள், நடுவில் ஒரு புள்ளி.
தினமும் காலையில் ஒரு கண், பிறகு மறு கண்.
கோடு நேராக நின்றால் பல் தேய்க்கப் போவார்.
வளைந்தால் நான் தொலைபேசியை எடுக்க வேண்டும்.
போன ஜூனில் எடுத்தேன். கண்ணுக்குள் ஊசி.
செப்டம்பரில் மறுபடி.

அக்டோபரில் புயல்.
மறுநாள் பின்கதவைத் தள்ளித் திறந்தபோது
குளத்தில் யாருடைய அஞ்சல் பெட்டியோ மிதந்துகொண்டிருந்தது.
துணி ஒரு முழம் மிச்சமில்லை.
அண்ணாந்து பார்த்த வெண்டெல்
வெகுநேரம் ஒன்றும் பேசவில்லை.
பிறகு, எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி,
"அந்த உத்தரம் வளைஞ்சிருக்கா,
இல்ல நானா?"

"உத்தரம்தான்," என்றேன். "வில்லு மாதிரி."

காப்பீட்டில் சேராத பதினோராயிரம் டாலருக்குக் கீழே
ஈரச் செருப்போடு நின்று
என் கணவர் சிரித்தார்.
அவ்வளவு நல்ல செய்தி
அந்த வருடம் எங்களுக்கு வரவேயில்லை.

யாதியேல் வியர்வையோடு உள்ளே வந்தான்.
"இன்னொண்ணு. பெரிய புயல்னு சொன்னாங்கன்னா
கத்தியை எடுத்து ஒவ்வொரு துணியையும் குறுக்கே கிழிச்சுவிடுங்க.
காத்து இப்படி நுழைஞ்சு அப்படிப் போயிடும்.
துணி போனா துணிதான். சட்டம் நிக்கும்."
சதுர அடிக்கு இத்தனை என்று இப்போதுதான் விலை சொன்ன துணி.
எந்தக் கத்தி, யார் கையில் என்று
நாங்கள் இருவரும் கேட்டுக்கொள்ளவில்லை.

"வெள்ளைச் சட்டம்," என்றேன்.
பேனா நின்றது. "அது பளிச்சுனு தெரியுமே மேடம்."
"தெரியட்டும்."
"காட்சி மறைக்காம, நடுக்கம்பி இல்லாத பெரிய சன்னலும் இருக்கு..."
"வேண்டாம். எல்லாக் கம்பியும் வேணும்.
குறுக்கே ஒண்ணு, நெடுக்கே ஒண்ணு, கட்டம் கட்டமா."

துணி முதல் ரகம். பூச்சிக்குக் களிம்பு இருக்கிறது.
கதவு வெளிப்பக்கம் திறந்து தானாகப் பூட்டிக்கொள்ள வேண்டும்,
அது விதி, அதில் தேர்வு இல்லை.
கையெழுத்துப் போட்டேன்.

வெண்டெல் இன்னும் துண்டை இறக்கவில்லை.
இப்போது வலது கண்ணைப் பொத்தியிருந்தார்.
"என்ன?" என்றேன்.
"பூனை," என்றார்.
"காப்பியைக் குடிக்குது."